நூபிய மொழி அரபியின் கொச்சை வடிவம்தானே? அதற்கென்று இலக்கணம் உண்டா?

உண்டு. எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலும் நைல் கரையோர நூபியர்கள் பேசுவது அது. அரபிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அரபி செமிட்டிக் குடும்பம். நூபிய மொழிகளை நைலோ-சஹாரா குடும்பத்தில் வைக்கிறார்கள். அரபிக் கடன்சொற்கள் நிறைய இருக்கின்றன, அது வேறு விஷயம்.

'கொச்சை' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் நீங்களும் வளைகுடாவில் இருப்பவர் என்று நினைக்கிறேன். அங்கே சூடான்காரர்களே இதை 'ருத்தானா' என்பார்கள். அரபி அல்லாத எந்த உள்ளூர் மொழிக்கும் அந்த ஒரே பெயர்தான், கொஞ்சம் இளக்காரமாக.

ஜித்தாவில் நான் கிடங்குக் கணக்கு பார்த்தபோது கூட வேலை செய்த பெரியவர் ஒருவர் நூபியர். அவர் குடும்பத்தின் பூர்வீகம் வடக்கு சூடானில் நைல் கரையில் உள்ள வாதி ஹல்ஃபா. நைலின் குறுக்கே எகிப்து கட்டிய அஸ்வான் உயர் அணைக்காக 1964இல் அந்தப் பக்கத்து மக்கள் சுமார் 50,000 பேரைக் கிளப்பி, சூடானின் கிழக்கே புதிய ஹல்ஃபாவில் கொண்டுபோய் வைத்தார்கள். நைல் போய்விட்டது, பேரீச்சந்தோப்பு போய்விட்டது, மொழி மட்டும் வீட்டுக்குள் இருந்தது. அவர் பேசியது நோபீன், நூபிய மொழிகளில் ஒன்று. தொலைபேசியில் அக்காவோடு அதில் பேசினால் மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார். எனக்கு ஆத்திரமாக வரும்.

அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் அப்புறம் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன். நான் மொழியியல் படித்தவன் இல்லை, அதற்காக யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

வினை கடைசியில் வரும். பெயருக்குப் பின்னால் உருபு ஒட்டும். பேரீச்சம்பழம் 'ஃபெந்தி', அதோடு 'க' சேர்த்து 'ஃபெந்திக' என்றால் பேரீச்சம்பழத்தை. 'அய்' நான், 'இர்' நீ. 'தர்' என்றால் அவனும்தான், அவளும்தான். ஆண் பெண் பிரிப்பதில்லை. குறில் நெடில் வேறுபாடும், மெய் இரட்டித்தால் பொருள் மாறுவதும் உண்டு. படு, பட்டு என்று பழகிய காதுக்கு அது சுலபம். எனக்குப் பிடிபடாதது தொனி. ஒவ்வோர் அசையும் மேலோ கீழோ ஒலிக்கும், பேச்சு நிற்கும் இடத்தில் கடைசி அசை தாழும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த மொழிக்குத் தொனியே இல்லை என்று ஐரோப்பிய அறிஞர்களே எண்ணியிருந்தார்கள் என்றால் பாருங்கள்.

ஆனால் என்னை அசத்தியது கொடுப்பதற்கு இரண்டு வினைகள் இருப்பதுதான். மாடியில் டீ குடிக்கும்போது பெரியவர் பேரீச்சம்பழத் தட்டை வைத்தே காட்டினார். தட்டைத் தன் பக்கம் இழுத்து 'டேன்' என்றார்: எனக்கு, எங்களுக்குக் கொடுப்பது. என் பக்கம் தள்ளி 'திர்'. வாசலில் நின்ற பையனைக் காட்டியும் அதே 'திர்'. தொல்காப்பியத்திலும் தருதல், கொடுத்தல் என்ற பிரிவு இருக்கிறது. ஆனால் அங்கே தருவது தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடுப்பது படர்க்கைக்கு. கோடு விழும் இடம் வேறு. இதை எடுத்துக்கொண்டு 'நூபியர் தமிழர்தான்' என்று யாரும் காணொளி போட்டுவிடாதீர்கள். தொடர்பு எதுவும் கிடையாது. தொடர்பு இருந்தால்தான் மதிப்போமா?

எழுத்தில்லாத மொழி என்பதும் பொய். பழைய நூபியத்தை 8ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை எழுதியிருக்கிறார்கள். எகிப்தின் தெற்கே கஸ்ர் இப்ரீம் என்ற பழைய கோட்டையில் கட்டுக்கட்டாக ஆவணங்கள் கிடைத்திருக்கின்றன. கிரேக்க, காப்டிக் எழுத்துகள் போதாமல், 'ஞ', 'வ' ஒலிகளுக்கு அந்தப் பகுதியின் இன்னும் பழைய எழுத்துமுறையான மெரோயிட்டிக்கிலிருந்து எழுத்து எடுத்தார்கள். 'ங' ஒலிக்குக் கிரேக்க காமா இரண்டைச் சேர்த்தெழுதினார்கள் என்று கருதுகிறார்கள். தன் மொழியின் ஒலியைக் காது கொடுத்துக் கேட்டவன்தான் இப்படி எழுத்து தேடுவான். இன்று அந்த எழுத்துகளை நோபீனுக்கு மீட்டுத் தருவதில் முக்தார் கலீல் கபாரா என்ற நூபிய அறிஞர் பெரிய வேலை செய்தார்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் மகள் ஜித்தாவில் படித்த பள்ளியில் தமிழ் வகுப்பையே 'மாணவர் போதவில்லை' என்று நிறுத்தினார்கள். கையெழுத்து வாங்கிப் போய் நின்ற பெற்றோரிடம் அலுவலகத்தில் இருந்தவர் 'வீட்டில் பேசுகிறீர்களே, போதாதா' என்றார். பிரெஞ்சுக்கு மட்டும் ஆசிரியர் இருந்தார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

சரி, எகிப்துப் பக்கம் போனால் ஒன்று கவனியுங்கள். நூபியம் என்பது ஒரே மொழி இல்லை. அஸ்வான் பக்கத்துக் கென்ஸி வேறு, அபு சிம்பல் பக்கத்து ஃபதிஜா வேறு, ஃபதிஜாதான் நோபீன். தண்ணீருக்கு நோபீனில் 'அமன்', கென்ஸியில் 'எஸ்ஸி'. எது உங்கள் மொழி என்று கேட்டுவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.