பணம் கொடுத்தவரும் பதவியில் இருந்தவர்களும்

கேள்வி: அமெரிக்காவின் வார்ட்டன் போன்ற வணிகப் பள்ளிகள் தொழிலதிபர்கள் பணத்தில் பிறந்தவை. காசு கொடுத்தவர் சொன்னதைத்தானே அங்கே பாடமாக நடத்தியிருப்பார்கள்? அந்த வரலாற்றில் பெருமைப்பட என்ன இருக்கிறது? — ஈரோட்டு வாசகர் ஒருவர்

பதில்: நிபந்தனை போட்டது உண்மைதான். நிக்கலிலும் எஃகிலும் பொருள் சேர்த்த ஜோசப் வார்ட்டன், 1881-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு 1,00,000 டாலர் கொடுத்தார். உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதி வரி வேண்டும் என்று அங்கே போதிக்க வேண்டும் என எழுதியும் கொடுத்தார். அவருடைய நிக்கல் தொழிலுக்கு அந்த வரி அவசியமாக இருந்தது.

ஆனால் பிறகு நடந்ததையும் பாருங்கள். அந்தப் பள்ளிக்குள் சமூகவியலும் வளர்ந்தது. ஃபிலடெல்ஃபியாவின் ஏழாவது வார்டில் வாழ்ந்த கறுப்பின மக்களை ஆராய, 1896-ல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸை அழைத்தார்கள். அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். என்ன வேலை, எவ்வளவு கூலி, எத்தனை பேர் ஓர் அறையில் என்று கேட்டு எழுதினார். அம்மக்களின் வறுமைக்குப் பிறவிக் குறை காரணமல்ல, அடிமை முறை விட்டுச்சென்ற சுமையும் வேலை தர மறுத்த வெள்ளையரின் பாரபட்சமுமே காரணம் என்று 1899-ல் வெளிவந்த அவருடைய நூல் காட்டியது. அமெரிக்கச் சமூகவியலுக்கு அடித்தளம் போட்ட நூல்களில் அது ஒன்று. அப்படிப்பட்டவருக்கு வகுப்பெடுக்க இடம் தரவில்லை! இதற்கு நன்கொடைப் பத்திரத்தைக் குறை சொல்ல முடியாது. அது நிறவெறி.

ஸ்காட் நியரிங் கதையும் உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும். வார்ட்டனில் பொருளாதாரம் நடத்திய அவர், குழந்தைத் தொழிலை வெளிப்படையாக எதிர்த்தார். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் சிறுவர்களை வேலை வாங்கிய காலம் அது. மாணவர்கள் அவர் வகுப்பில் குவிந்தார்கள். அவரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று பள்ளியின் ஆசிரியர்களே பரிந்துரைத்தார்கள். 1915 ஜூனில், மாணவர்கள் விடுமுறைக்குப் போன பிறகு, பல்கலைக்கழக அறங்காவலர்கள் காரணம் சொல்லாமல் அவரை நீக்கினார்கள். ஜோசப் வார்ட்டன் இறந்து அப்போது ஆறு ஆண்டு ஆகியிருந்தது.

ஆகவே யார் பணம் கொடுத்தார் என்பதோடு நிறுத்தாதீர்கள். ஆசிரியரை வேலையைவிட்டு அனுப்பும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்றும் கேளுங்கள். வார்ட்டனில் அது தொழிலதிபர்களும் வழக்கறிஞர்களும் நிறைந்த குழுவின் கையில் இருந்தது. பெருமைக்குரியவர்களும் அங்கேயே இருந்தார்கள்: நியரிங்கின் கருத்தை ஏற்காத ஆசிரியர்கள்கூட அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். அதே ஆண்டு தொடங்கியிருந்த அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் அந்த நீக்கத்தை விசாரித்தது. இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை.

நியரிங்குக்கு அதே பல்கலைக்கழகம் கௌரவப் பேராசிரியர் பட்டம் கொடுத்தது 1973-ல். டுபாய்ஸுக்கு 2012-ல். டுபாய்ஸ் 1963-லேயே இறந்துவிட்டார்.