கிராபிக்ஸ் கார்டு மாற்றிய பிறகு உயிர் வராத லேப்டாப்: கடைக்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து பிழைக்கிறேன். என் பழைய ஒர்க்ஸ்டேஷன் லேப்டாப் திரையில் கோடு கோடாக விழுந்ததால் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கிராபிக்ஸ் கார்டை மாற்றினார்கள். வீட்டில் வந்து போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கேட்டால், "போர்டு போச்சு அண்ணாச்சி, அதுக்கு நாங்க என்ன செய்ய?" என்கிறார்கள். பில் இல்லை. ஜிபேயில் பணம் அனுப்பியதும் ஒரு துண்டுச்சீட்டும்தான் இருக்கின்றன. சீட்டில் 'பணம் வாபஸ் கிடையாது' என்று அச்சடித்திருக்கிறது. போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: போலீஸ் வேண்டாம். பார்த்த வேலை சரியாக வரவில்லை என்பது மட்டுமே மோசடி ஆகாது. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். உங்களுக்கான வழி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

ஆனால் அதற்கு முன்னால், ஆத்திரத்தில் லேப்டாப்பை வேறு கடையில் கழற்றக் கொடுத்துவிடாதீர்கள். இன்னொருவர் கை பட்டால் 'அவர்தான் கெடுத்தார்' என்று முதல் கடை தப்பித்துக்கொள்ளும். இந்த மாதிரி வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் கெட்டுப்போகின்றன.

கழற்றிய பழைய கார்டு எங்கே? நீங்கள் எழுதவே இல்லை. அது உங்கள் பொருள், கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் கிராபிக்ஸ் சிப் போர்டோடு (மதர்போர்டு என்கிற முக்கிய மின்சுற்றுப் பலகை) சால்டர் செய்யப்பட்டிருக்கும். உங்களுடையது போன்ற சில மாடல்களில்தான் தனிக் கார்டாகக் கழன்று வரும். பழைய கார்டைத் திரும்பப் போட்டு அதே கோடுகள் தெரிந்தால், போர்டு உயிரோடு இருக்கிறது. குற்றம் புதுக் கார்டிலோ, அதைப் பொருத்தியதிலோ, லேப்டாப்பின் பயாஸுக்கு (அதை இயக்கத் தொடங்கும் அடிப்படை மென்பொருள்) அது ஒத்துவராததிலோ இருக்கும். ஒத்துவருமா என்று பார்த்துவிட்டு விற்க வேண்டியது கடையின் வேலை. அப்படிப் பார்க்காதது சேவைக் குறைபாடு.

பழைய கார்டிலும் திரை வரவில்லையென்றால் கார்டோ போர்டோ, எது போனது என்று தனியாகச் சோதிக்க வேண்டும். போர்டுதான் என்றால், கடை கையில் இருந்தபோது போனதா என்பது கேள்வி. ஒப்படைத்த பொருளை ஒரு சாதாரண மனிதர் தன் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்க்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆவது பிரிவு. கோடு விழுந்த திரையை வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பியிருந்தால் அந்த அரட்டையை அழிக்காதீர்கள். கொடுக்கும்போது லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. 'பழைய போர்டு, போனாலும் போகலாம்' என்று முன்பே சொல்லி நீங்களும் சரி என்றிருந்தால், உங்கள் பக்கம் பலவீனம்தான்.

சோதனையை அந்த பிராண்டின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் செய்யுங்கள். எந்த நாளில் திறக்கிறோம், வேண்டுமானால் நீங்களும் வரலாம் என்று கடைக்கு எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டுத் திறங்கள். திறப்பதை வீடியோ எடுங்கள். அறிக்கையில் 'வேலை செய்யவில்லை' என்பது போதாது, காரணம் எழுதியிருக்க வேண்டும். ஆல்பம் ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்கையும் அங்கேயே கழற்றி, ஜாப் ஷீட்டில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

'வாபஸ் கிடையாது' என்ற அச்சைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராததும், குறைபாடுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் சேரும். தொழிலுக்கு வைத்திருக்கும் லேப்டாப் என்பதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். சுயதொழிலில் பிழைப்புக்காகப் பயன்படுத்துபவரைச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. இதை மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

14,500 ரூபாய், சோதனைச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு ஆகியவற்றைக் கேளுங்கள். கைநழுவிய ஆர்டர்களுக்கு நஷ்டஈடு வேண்டுமென்றால் அட்வான்ஸ் திருப்பிக் கொடுத்ததற்கு ஆதாரம் வேண்டும். வெறும் வாய்ச்சொல்லில் லட்சக்கணக்கில் கேட்டால் மற்ற கோரிக்கைகளின் நம்பகத்தன்மையும் குறையும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். சில கடைகள் அதிலேயே இறங்கி வருகின்றன. வராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இடையில் கடைக்காரர் பாதிப் பணம் தருகிறேன் என்று வந்தால் யோசித்துப் பாருங்கள். இந்தத் தொகைக்கு அது மோசமான முடிவில்லை. ஆனால் 'முழுத் தீர்வாக' என்று கையெழுத்துப் போட்டால் மீதியைப் பிறகு கேட்க முடியாது.