குதிரைக்கு வண்டி நம்பர் என்ன?

கேள்வி: மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது. ஊர் நிலத்தை விற்று அங்கே ஒரு ஃபிளாட் வாங்கலாம் என்று இருக்கிறோம். சென்னை எங்களுக்குப் பழக்கமில்லாத ஊர். பாதுகாப்பான ஏரியா எது? கேட்டட் கம்யூனிட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?
— பெயர் வேண்டாம் என்கிற வாசகி, தென்காசி

பதில்: கொத்தமல்லிக் கட்டைக்கூட நாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவதில்லை. நடுவில் அழுகல் செருகியிருக்கிறதா என்று விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பத்து ரூபாய் கொடுக்கிறோம். ஃபிளாட் என்று வந்தால் மட்டும் புரோஷர் வழவழவென்று இருந்து, அதில் ஒரு நீச்சல் குளமும் பெரிய கேட்டும் இருந்துவிட்டால் போதும், தாத்தா நிலத்தை விற்ற பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டிவிடுகிறோம்.

அந்தக் கேட்டைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது. இந்தக் குடியிருப்புகளின் வாசலில் நீளமாக ஒரு நோட்டு இருக்கும். கூடவே சணலில் கட்டிய பேனா, அது எழுதாது. பெயர், எந்த வீடு, வந்த காரியம், போன் நம்பர், வண்டி நம்பர், நேரம், கையெழுத்து. நமக்கு முன்னால் போனவர்களின் பெயரையும் போன் நம்பரையும் யார் வேண்டுமானாலும் நின்று நிதானமாகப் படிக்கலாம் என்பது அந்த நோட்டின் பாதுகாப்பு அம்சங்களில் ஒன்று. நண்பரைப் பார்க்கப் போன ஓரிடத்தில் நான் பெயர் ‘சர் தாமஸ் மன்றோ’ என்றும், வந்த காரியம் ‘வரி வசூல்’ என்றும் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். தீவுத்திடல் பக்கம் 1839-லிருந்து சேணமில்லாத குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கிறாரே, அந்தக் காலத்து மெட்ராஸ் கவர்னர், அதே மன்றோதான். காவலாளி நோட்டைத் தன் பக்கம் திருப்பி ரொம்பக் கவனமாகப் பார்த்தார். “சார், வண்டி நம்பர் போடல” என்றார். “குதிரையில் வந்திருக்கிறேன்” என்றேன். “அப்ப விசிட்டர் பார்க்கிங்ல விட்டுடுங்க சார்.”

அவர்மேல் தப்பில்லை. எங்கிருந்தோ பிழைக்க வந்து பன்னிரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர், அசோசியேஷன் சொன்னதைச் செய்கிறார். காரில் வந்தால் சல்யூட், டெலிவரி பையன் வந்தால் விசாரணை, வீட்டுவேலை செய்கிற அம்மா திரும்பிப் போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். இப்போது பல இடங்களில் நோட்டு போய்ச் செயலி வந்துவிட்டது, ஆனால் யாரை நிறுத்துவது, யாருக்குக் கும்பிடு போடுவது என்கிற கணக்கு மாறவில்லை.

இதில் சிரிக்க முடியாத பக்கமும் உண்டு. 2018-ல் சென்னை அயனாவரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், சின்னப் பெண் குழந்தையைப் பல மாதங்களாகச் சீரழித்ததாக 17 பேரைக் கைது செய்தார்கள். லிஃப்ட் இயக்கியவர், பிளம்பர், காவலாளி என்று பலர் அங்கேயே வேலை பார்த்தவர்கள். 2020-ல் 15 பேருக்குத் தண்டனை ஆனது. கேட் இருந்தது, ஆனால் அது வெளியாளைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது? இதைப் படித்துவிட்டு வேலைக்காரர்களையெல்லாம் சந்தேகப்படக் கிளம்பிவிடாதீர்கள். கேட் போட்டாச்சு, இனி அடுத்த வீட்டில் யார், மாடியில் என்ன சத்தம் என்று பார்க்க வேண்டாம் என்று இருநூறு குடும்பங்கள் சேர்ந்து நினைத்துக்கொள்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

“இந்த ஏரியால கிரைமே கிடையாது சார்” என்று புரோக்கர் சொல்வார். அவருக்கு எப்படித் தெரியும்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் போடுகிற புத்தகத்தில் சென்னைக்கு என்று மொத்தமாக ஒரு வரி இருக்கும், தெருவாரியாக ஒன்றும் கிடையாது. அடுத்து “எல்லாம் டீசன்ட் ஃபேமிலி” என்பார். எந்த வீட்டில் மீன் வறுக்கமாட்டார்கள் என்பதைச் சொல்கிறார், பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் கேட்க வேண்டிய ஆள் தெருமுனையில் இருக்கும் இஸ்திரி வண்டிக்காரர். இரண்டு புடவையைத் தேய்க்கக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். எந்த வீட்டில் திருடு போனது, எந்தப் பிளாக்கை விற்றுவிட்டு ஓடுகிறார்கள், மாதத்தில் எத்தனை தண்ணீர் லாரி வருகிறது, எல்லாம் வரும். அப்புறம் இரவு ஒன்பதரைக்கு பஸ் ஸ்டாப்பிலிருந்து அந்த வீடுவரை நடந்து பாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. விளக்கு எரிகிறதா, இட்லிக் கடை திறந்திருக்கிறதா, வேறு பெண்கள் நடக்கிறார்களா என்று பாருங்கள். இருநூறு மீட்டருக்கு ஒரு பக்கம் கேட்டட் கம்யூனிட்டி மதில், மறுபக்கம் காலி மனை என்று இருந்தால் அந்தத் தெருவுக்கு ஆள் கிடையாது. மதிலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியவும் தெரியாது.

சரி, திருடனை விடுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் கோட்டூர்புரத்திலும் வீட்டுக்குள் வந்தது அடையாற்றுத் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் மறுபடி வந்தது. எந்த நோட்டிலும் கையெழுத்துப் போடவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற பட்டம், கிடைத்தது, சந்தோஷம், ஆனால் அதற்குள் அதன் பெரும்பகுதியில் குப்பை மேடும் கம்பெனிகளும் ஃபிளாட்டுகளும் எழுந்துவிட்டன. இன்றைய பில்டர்களை மட்டும் திட்டுவானேன், தியாகராய நகரே 1920-களில் மாம்பலம் ஏரியை வற்ற வைத்துப் போட்ட மனைதான்.

வில்லங்கச் சான்றிதழ் எடுத்தாச்சு, முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் இல்லை என்று நிம்மதியாக இருப்பீர்கள். அதில் பதிவான கிரயமும் அடமானமும் வரும், ஏரி வராது. ஏரி, வருவாய்த்துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் இருக்கும், சர்வே நம்பரைப் போட்டு அரசாங்கத்தின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துப் படங்களுக்கு நகர்த்திப் பாருங்கள், உங்கள் மாஸ்டர் பெட்ரூம் இருக்கும் இடத்தில் கொக்கு நின்றிருக்கும்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பல்லவி தெரியும், இருந்தாலும் பாடுகிறேன்: ரோடு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய ரோடு போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்குள் இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். இருந்தாலும் தரைத்தளம் வாங்குவதென்றால் அதே தெருவில் இருக்கும் பழைய வீட்டு வாசலைக் குனிந்து பாருங்கள். சாக்கடை மூடி ஜன்னல் உயரத்தில் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கட்டடத்தையும் மறக்காதீர்கள். 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து 61 பேரைக் கொன்ற பதினோரு மாடி, அனுமதி வாங்கிக் கட்டியதுதான். எட்டு வீட்டுக்கு மேல் இருந்தால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு கட்டாயம். அந்தச் சட்டப்படி, சாவி கொடுத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவர்தான் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். இரண்டாவதைக் கேட்கும்போது விற்பனைப் பையனின் முகத்தைப் பாருங்கள்.

எந்த ஏரியா என்று பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். மாட்டேன். முன்பு ஒரு நகரில் தண்ணீர் நிற்கிறது என்று இங்கே எழுதினேன், நில மதிப்பு இறங்கிவிட்டது என்று அந்த ஊர் நலச் சங்கம் காட்டமாகக் கடிதம் போட்டது. முழுசாக வெளியிட்டேன், பக்கத்திலேயே அந்தச் சங்கக் கட்டடத்து வாசலில் படகு நிற்கும் படத்தோடு. இன்றைக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

என்னைக் கேட்டால், பணத்தை வங்கியில் போட்டுவிட்டு மகளை முதலில் வாடகைக்குக் குடிவையுங்கள், ஐப்பசி கார்த்திகை இரண்டும் அங்கே கழியட்டும். வீட்டுச் சொந்தக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்பார். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அதைச் சொன்னால் வீடு கிடைக்காது, ஆறில் முடியுங்கள்.