சூப்பர் கெப்பாசிட்டர் மின்னெழுச்சித் தடுப்பானுக்கு எந்த உள்ளகம்? – கேள்வி பதில்

மன்னார்குடியில் மோட்டார் பழுது பார்ப்பவர்: ஐயா, திடீர் மின்னழுத்த ஏற்றத்திலிருந்து கருவிகளைக் காக்கும் மின்னெழுச்சித் தடுப்பானில், பெருமளவு மின்னூட்டத்தைச் சேமிக்கும் சூப்பர் கெப்பாசிட்டரை வைக்கிறார்களே; 2.7 வோல்ட் மட்டுமே தாங்கும் அது இடிமின்னலின் எழுச்சியில் வெடித்துவிடாதா?

பதில்: வெடிக்காது. நியூசிலாந்தின் வைகாட்டோ பல்கலைக்கழகத்தில் நிகால் குலரத்ன குழுவினர் உருவாக்கிய சுற்றில், வேரிஸ்டர்களும் (மின்னழுத்தம் மிகும்போது மட்டும் மின்னோட்டத்தைக் கடத்துபவை) இணைசுருளும் (ஒரே காந்த உள்ளகத்தின் மீது சுற்றிய இரு சுருள்கள்) உடனிருக்க, சூப்பர் கெப்பாசிட்டர் மின்தடையுடன் தொடராக அமைகிறது. 1,000 ஆம்பியர் 20 மைக்ரோவிநாடி பாய்ந்தாலும் சேரும் மின்னூட்டம் 0.02 கூலும்தான், 1 ஃபாரட் கெப்பாசிட்டரில் அதனால் உயர்வது 0.02 வோல்ட்.

கும்பகோணம் பாலிடெக்னிக் மாணவி: பழைய பவர் சப்ளையில் கழற்றிய ஃபெரைட் வளையம் இருக்கிறது. உட்புகுதிறன் (காந்தப்பாயத்தை எளிதில் ஏற்கும் திறன்) 2,000. அதையே இணைசுருளுக்கு உள்ளகமாகப் பயன்படுத்தலாமா ஐயா?

பதில்: வேண்டாம் அம்மா. உட்புகுதிறன் உயர்ந்தால் உள்ளகம் சிறந்தது என்று எண்ணுவதுதான் இங்கு பலரும் செய்யும் பிழை. முதலில் பார்க்க வேண்டியது, காந்தப்பாய அடர்த்தி எந்த அளவில் தெவிட்டுகிறது, அதாவது அதற்கு மேல் ஏறாமல் நின்றுவிடுகிறது என்பதே. 1 சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுள்ள உள்ளகத்தில் 20 சுற்று சுற்றி, அதன் குறுக்கே 100 வோல்ட் 20 மைக்ரோவிநாடி நிலைத்தால், பாய அடர்த்தி 1 டெஸ்லா உயரும். ஃபெரைட் ஏறத்தாழ 0.4 டெஸ்லாவிலேயே தெவிட்டிவிடுவதால், எழுச்சி பாதியை எட்டுமுன் சுருள் வெறும் கம்பியாகிவிடும். இரும்பு, சிலிக்கான், அலுமினியம் கலந்த தூள் உள்ளகம் 1 டெஸ்லா வரை தாங்கும். இரும்பு-சிலிக்கான் தூள் 1.6 வரை தாங்குவதால், என் தேர்வு அதுவே. ஃபெரைட்டில் காற்றிடைவெளி விட்டால் தெவிட்டச் செய்யும் மின்னோட்டம் உயருமே தவிர, 0.4 என்ற வரம்பு உயராது. தூள் உள்ளகத்திலும் உட்புகுதிறன் 125 உள்ளதைவிட 60 உள்ளது, பெரும் மின்னோட்டத்திலும் தன் தூண்டத்தை (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் திறனை) கூடுதலாகக் காத்துக்கொள்ளும்.

நாகப்பட்டினம் வாசகர்: கடற்காற்றில் இரும்புத்தூள் துருப்பிடிக்காதா?

பதில்: மேற்பூச்சு கீறாதவரை அஞ்ச வேண்டாம். தடித்த கம்பியைச் சுற்றும்போதுதான் பூச்சு உரியும். சுற்றியபின் வார்னிஷில் தோய்த்தெடுங்கள்.

திருத்துறைப்பூண்டி விவசாயி: இந்தத் தடுப்பானைப் பொருத்திவிட்டால் பம்புசெட்டுக்கு எர்த் குழி தேவையில்லையா?

பதில்: கட்டாயம் தேவை ஐயா. எர்த் தடை 10 ஓம் இருக்கையில் 1,000 ஆம்பியர் பாய்ந்தால் அக்குழியிலேயே 10,000 வோல்ட் எழும். அதை எந்த உள்ளகமும் குறைக்காது. வாய்க்கால் வறண்டு வண்டல் வெடிக்கும் கோடையில் தடை மேலும் ஏறும் என்பதால், கோடைமழைக்கு முன்பே குழிக்கு நீர் ஊற்றி, தடையை அளந்து பாருங்கள்.