விக்டோரியா காலக் குதிரைச் சர்க்கஸ் சுவரொட்டிகள்: கேள்வி பதில்

1837 முதல் 1901 வரை, விக்டோரியா அரசியின் ஆட்சியில், இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போன குதிரைச் சர்க்கஸ்கள் ஒட்டிய சுவரொட்டிகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: ஒரே தாளில் பத்துப் பன்னிரண்டு விதமான எழுத்து. இவ்வளவு எதுக்கு சார்? அழகுக்கா?

அழகு பாதிக் காரணம்தான். மீதி, அச்சகத்தின் எழுத்துப் பெட்டியில் இருந்த பற்றாக்குறை. பெரிய மர எழுத்துகளை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வீதம்தான் ஒரு சின்ன ஊர் அச்சகம் வாங்கி வைத்திருக்கும். குட்டிக்கரணங்களைக் குறிக்க அன்று எழுதிய 'சோமர்செட்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கே மூன்று 'எஸ்' வேண்டும். அந்தப் பெட்டியில் இரண்டுதான் இருந்தால், எழுத்து கோக்கும் கம்போசிட்டர் அடுத்த பெட்டிக்குப் போவார். அது வேறு எழுத்து வகையாக இருக்கும்.

அடுத்தது அகலம். ஒவ்வொரு வரியும் இரும்புச் சட்டத்துக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இறுகி நிற்க வேண்டும். சிறிய சொல்லுக்கு அகன்ற எழுத்து, நீளமான சொல்லுக்கு ஒடுங்கிய எழுத்து என்று எடுத்தால் வரி தானே நிரம்பும். பக்கங்களில் மரத்துண்டு அடைக்கும் வேலையும் குறையும். தடித்த எழுத்து 1800களின் தொடக்கத்தில் வந்தது. கோடுகளின் முனையில் கட்டைப் பாதம் வைத்த 'எகிப்தியன்' வகையை லண்டன் எழுத்து வார்ப்பாளர் வின்சென்ட் ஃபிகின்ஸ் 1815 வாக்கில் காட்டினார். ஈயத்தில் மிகப் பெரிய எழுத்தை வார்த்தால் கனம் தாங்காது, ஆறும்போது முகமும் குழிந்துவிடும். 1827இல் நியூயார்க்கில் டேரியஸ் வெல்ஸ் மர எழுத்தை இயந்திரத்தில் குடைய ஆரம்பித்த பிறகுதான் பெரிய எழுத்து மலிவானது. இந்தச் சுவரொட்டிகளின் முகத்தை முடிவு செய்தவர் ஓவியர் அல்ல, கம்போசிட்டர்.

கேள்வி: ஒரு நோட்டீஸில் கிழமையும் தேதியும் இருக்கு, வருஷம் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கிழமையும் தேதியும் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. 'செவ்வாய், பிப்ரவரி 14' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1837 தொடங்கி 1865 வரை அது பொருந்தும் ஆண்டுகள் ஐந்துதான்: 1837, 1843, 1854, 1860, 1865. அடுத்து சர்க்கஸ் முதலாளியின் பெயரைப் பாருங்கள். பாப்லோ ஃபான்க் என்றால் (நாரிச்சில் பிறந்தவர், இயற்பெயர் வில்லியம் டார்பி, பிரிட்டனில் சர்க்கஸ் நடத்திய முதல் கறுப்பினத்தவர்) அவர் வில்லியம் பேட்டி என்பவரின் சர்க்கஸ் குழுவை விட்டுத் தனியாகத் தொடங்கியது 1841, இறந்தது 1871. ஆக 1837 கழிந்தது. எழுத்து வகையும் துப்புக் கொடுக்கும்: கிளாரண்டன் என்ற வகை 1845இல்தான் வந்தது, அது கண்ணில் பட்டால் 1843க்கு வாய்ப்பில்லை.

கடைசியாக அடிவரி. அச்சிட்டவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 1799 சட்டத்திலிருந்து வந்த கட்டாயம். அந்த ஊரின் பழைய வணிக விவரப் புத்தகங்களில் அவர் எந்தத் தெருவில் எந்த ஆண்டுகளில் இருந்தார் என்று பார்த்தால் பெரும்பாலும் ஓர் ஆண்டுதான் மிஞ்சும். பலர் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டும்போது அடிவரியை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். அதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

கேள்வி: ஜான் லெனன் பாட்டெழுதப் பயன்படுத்தினாரே, அந்தச் சுவரொட்டியில் உள்ளபடி என்னதான் இருந்தது?

மேலே உதாரணமாகச் சொன்ன 'செவ்வாய், பிப்ரவரி 14' தேதி அந்தச் சுவரொட்டியில் உள்ளதுதான். பாட்டு, பீட்டில்ஸ் குழுவின் 'பீயிங் ஃபார் தி பெனிஃபிட் ஆஃப் மிஸ்டர் கைட்!' ('திரு. கைட்டின் நன்மைக்காக'). ஃபான்க்கின் சர்க்கஸ் ராயல், ராச்டேல் ஊர், டவுன் மெடோஸ் திடல், 1843 பிப்ரவரி 14. அச்சிட்டவர்கள் அதே ஊரின் ஜோன்ஸ் அண்ட் கிராஸ்கில். லெனன் அதை 1967 ஜனவரியில் கென்ட் பகுதியின் செவனோக்ஸில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கினார். குதிரையின் பெயர் சாந்தஸ். பாட்டில் ஹென்றி ஆகிவிட்டது. உலகத்துக்கே சவால் விட்டவர் குட்டிக்கரணக் கலைஞர் ஹெண்டர்சன். பாட்டு அதை இன்னொரு கலைஞரான கைட்டுக்குக் கொடுத்துவிட்டது.

சுவரொட்டியில் கவனிக்க வேண்டியவை வேறு. 'இன்னாரின் நன்மைக்காக' என்றால் தருமக் காட்சி இல்லை. செலவு போக அன்றைய வசூல் பெயர் போட்ட கலைஞர்களுக்கு. அதனால்தான் 'கைட்டும் ஹெண்டர்சனும் உறுதி கூறுகிறார்கள்' என்று விளம்பரமே அவர்கள் குரலில் பேசுகிறது. 'மூன்று நீங்கலாகக் கடைசி இரவு' என்றால் இதற்குப் பிறகு இன்னும் மூன்று காட்சி உண்டு. 'கெட்டித் தரையில் 21 குட்டிக்கரணம்' என்பதில் அழுத்தம் தரைக்கு: துள்ளுபலகை உதவி கிடையாது என்று பொருள். 'கார்ட்டர்' என்பது குறுக்கே பிடிக்கும் நாடா. அதைத் தாண்டிக் குதிப்பார்கள். அடியில் 'விவரத்துக்கு அன்றன்றைய நோட்டீஸைப் பார்க்க' என்று வரும். இது போக அன்றாடம் சிறிய நோட்டீஸும் அச்சிட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

கேள்வி: விற்பனைக்கு வரும் தாள் அசலா நகலா என்று எதை வைத்துச் சொல்வது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். மை ஒரே சீரான புள்ளிகளாகத் தெரிந்தால் புகைப்பட முறை நகல்; அந்தப் புள்ளி அச்சு 1880களில்தான் வணிகத்துக்கு வந்தது. ஓரம் சிதறிய துளிகளாக இருந்தால் கணினி அச்சு. அசலில் எழுத்தின் விளிம்பில் மை பிதுங்கி மெல்லிய கருவரம்பு கட்டியிருக்கும். தாளைத் திருப்பிச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் அழுத்தம் தடவத் தெரியும். பெரிய எழுத்தின் கறுப்புக்குள் மர ரேகையோ, விழுந்த இடத்தில் ஓரம் உடைந்த வடுவோ இருந்தால் நல்ல அறிகுறி. ஆனால் அந்த வடுவை மட்டும் நம்ப வேண்டாம், நகலிலும் அது அப்படியே படமாக வந்துவிடும்.

முழுத்தாளும் ஒரே பழுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். 1840களின் தாள் கந்தல்துணியில் செய்தது. மடிப்பிலும் ஓரத்திலும்தான் கறுக்கும். மரக்கூழ்த் தாள் பரவியது நூற்றாண்டின் கடைசியில், நொறுங்குவதும் அதுதான்.

கேள்வி: நாடகத்துக்கு 1840 காலச் சுவரொட்டி ஒன்று செய்யணும் அண்ணா. அளவு, எழுத்து எல்லாம் சொல்லுங்க.

தாள் 20க்கு 30 அங்குலம். 'டபுள் கிரௌன்' என்ற பெயரில் புழங்கிய அளவு. நெட்டையாக வேண்டுமென்றால் இரண்டு தாளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுங்கள். தடித்த எழுத்து, எகிப்தியன், பாதமில்லா எழுத்து, பிளந்த பாதம் உள்ள டஸ்கன் என்று நான்கு குடும்பம் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒடுங்கியது, அகன்றது இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிளாரண்டன் வேண்டாம். எல்லாம் நடுவாக்கி, முக்கிய வரிகள் ஓரம்வரை முட்ட வேண்டும். சர்க்கஸ் பெயர், ஊர், தேதி, கலைஞர் பெயர், குதிரை பெயர் பெரியவை. 'மற்றும்', 'இன் பேரில்' போன்றவை தனிவரியில் பொடி எழுத்தில். நிறம் கறுப்பு ஒன்று, மிஞ்சினால் சிவப்பு.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது வில்லாக வளைத்த தலைப்பில்தான். நேர்கோட்டுச் சட்டத்துக்குள் வளைவைப் பூட்டுவது பெரும்பாடு, சாதாரண நோட்டீஸுக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள். படம் ஒன்று, சின்னதாக, மரச்செதுக்கு மாதிரி இருக்கட்டும். குதிரை மேல் நிற்கும் ஆள் போதும். ஒரே கட்டையை வேறு வேறு குழுக்களுக்கும் பயன்படுத்தியதால் படம் நிகழ்ச்சியோடு பொருந்தாவிட்டாலும் குற்றமில்லை. பழசாகக் காட்டத் தாளைத் தேநீரில் நனைக்காதீர்கள்.

உண்மையான மர எழுத்தில் அச்சிடப் போகிறீர்கள் என்றால், தண்ணீரில் கழுவினால் மரம் உப்பிவிடும். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். தேய்ந்து உயரம் குறைந்த எழுத்துக்கு அடியில் மெல்லிய தாள் துண்டு வைத்து, அச்செழுத்தின் வழக்கமான உயரமான 0.918 அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரிய எழுத்து வெளிறி, சின்ன எழுத்து மை அடைத்து வந்தால் மையைக் கூட்டாதீர்கள். பெரியதன் பின்னால் அழுத்தத்தைக் கூட்டுங்கள். அந்தக் காலத்தில் தாளை முந்தைய நாளே ஈரப்படுத்தி வைத்து இதைச் சமாளித்தார்கள். அப்படிச் செய்தும் கொலம்பியன், ஆல்பியன் போன்ற கை இயந்திரங்களில் இரண்டு பேர் சேர்ந்து மணிக்கு 250 தாள் எடுத்தாலே நல்ல வேகம்.

கேள்வி: வண்ணப் படச் சுவரொட்டிகள் எப்போது வந்தன?

நூற்றாண்டின் பிற்பாதியில், கல்லச்சில். ஒரு நிறத்துக்கு ஒரு கல். இவற்றைப் பெருவாரியாக அச்சிட்டு, ஊர் பெயருக்கும் தேதிக்கும் இடம் காலியாக விட்டுவிடுவார்கள். அந்தந்த ஊர் அச்சகம் அதை நிரப்பும். பார்னம் அண்ட் பெய்லி 1889இல் லண்டன் ஒலிம்பியாவுக்கு வந்தபோது இந்த வகை உச்சத்தில் இருந்தது.

கேள்வி: என்னிடம் உள்ளதை லேமினேட் செய்யலாமா?

கூடாது, எடுக்கவே முடியாது. செல்லோ டேப்பும் கூடாது. அதன் பசை தாளுக்குள் இறங்கி மஞ்சள் கறையாகும். கிழிசலுக்கு ஜப்பானியத் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும், தண்ணீர் விட்டால் கழன்றுவரும். பாலியெஸ்டர் உறையில் தட்டையாக வையுங்கள். மாட்டியே ஆக வேண்டுமென்றால் அமிலமில்லாத அட்டை, வெளிச்சம் 50 லக்ஸுக்குள், வெயில் படாத சுவர். எழுத்தைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், மையிலிருந்த ஆளி எண்ணெய் ஊறியது அது. வெளுக்க முயன்றால் தாள்தான் போகும்.