கண்மாய் மண் குவளை 1240 டிகிரியில் உருகியது பற்றி

கானாடுகாத்தான் பக்கத்துக் கண்மாய் மண்ணில் செய்த குவளை 1240 டிகிரி செல்சியஸில் உப்பி, சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது என்று எழுதியிருந்தீர்கள். சூளைமேல் தப்பில்லை. சிவப்பாகச் சுடும் மண்ணில் இரும்பு அதிகம். அதனால் 1100ஐத் தாண்டினால் பெரும்பாலும் தளர்ந்துவிடும். ஐயனார் கோயில் மண் குதிரைகளைக் குயவர்களான வேளார்கள் அதற்கு வெகு கீழேதான் சுடுகிறார்கள்.

குவளைக்கு ஸ்டோன்வேர் களிமண்ணே (அதிகச் சூட்டைத் தாங்கிக் கல்போல் இறுகும் மண்) சரி. ஆனால் கண்மாய் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் உங்கள் கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேல்பூச்சு! பாதியைச் சுடாமல் பச்சை மண்ணாகவும், பாதியைச் சுட்டுப் பொடித்தும் கரைத்து, நன்றாகச் சலித்து, ஒருமுறை சுட்ட குவளையில் பூசுங்கள். முழுக்கப் பச்சை மண் என்றால் சுருங்கி உரிந்துவிடும். 1240ல் நல்ல பழுப்பு எதிர்பார்க்கலாம். மங்கலாக வந்தால் கொஞ்சம் விறகுச் சாம்பல் சேருங்கள். அப்புறம், முதல் சோதனைத் துண்டை ஒரு ஸ்டோன்வேர் கிண்ணத்துக்குள் வைத்துச் சுடுங்கள். வழிந்தாலும் தட்டு பிழைக்கும்.