சபையில் பாடல் வேளை மட்டும்தான் ஆராதனையா?

பாடல் வேளை முடிந்த பிறகு சபைக்குள் நுழைந்தால் ஆராதனையைத் தவறவிட்டதாக ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பகுதியைத் தவறவிட்டீர்கள், அவ்வளவுதான். "ஆராதனை முடிந்தது, இப்போது தேவசெய்தி" என்று மேடையில் சொல்லிச் சொல்லி, வேதவாசிப்பும் ஜெபமும் காணிக்கையும் வேறு ஏதோ என்ற எண்ணம் பல சபைகளில் வேரூன்றிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

ஆதி சபை எப்படிக் கூடியது என்று பாருங்கள். சுமார் கி.பி. 155இல் ஜஸ்டின் மார்ட்டியர் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் ரோமப் பேரரசருக்கு எழுதிய விண்ணப்பத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகையை விவரிக்கிறார். அப்போஸ்தலர்களின் நினைவுக்குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையோ நேரம் உள்ளவரை வாசிப்பார்கள். நடத்துகிறவர் போதிப்பார். எல்லோரும் எழுந்து ஜெபிப்பார்கள். அப்பமும் திராட்சரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படும். நடத்துகிறவர் ஸ்தோத்திரம் செலுத்த, சபை ஆமென் சொல்லும். வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் பங்கைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பது அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நியர்கள் என்று எல்லோருக்கும் போய்ச் சேரும். அந்தப் பகுதியில் பாட்டைப் பற்றித் தனியாக எதுவும் இல்லை!

அதற்காக அவர்கள் பாடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கும் முன்பே, கி.பி. 112 வாக்கில், ரோம ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைப் பாடித் துதிக்கிறார்கள் என்கிறார். கையோடு இன்னொன்றும் சொல்கிறார்: திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், நம்பி ஒப்படைத்த பொருளைத் தர மறுக்கமாட்டோம் என்று அவர்கள் உறுதி எடுத்துக்கொள்கிறார்களாம். துதியும் நேர்மையும் ஒரே கூடுகையில்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

வேதமும் இதையே சொல்கிறது. ஆமோஸ் 5ஆம் அதிகாரத்தில் நியாயம் இல்லாத ஜனத்தின் பாட்டைக் கர்த்தர் கேட்க மறுக்கிறார். சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்றால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. ரோமர் 12:1 சரீரத்தையே ஜீவபலியாகக் கேட்கிறது.

சரி, உங்கள் தாமதத்துக்கு வருவோம். வேலையோ கைக்குழந்தையோ காரணம் என்றால் குற்ற உணர்வு வேண்டாம். வந்த நேரத்திலிருந்து வாசிப்பையும் ஜெபத்தையும் மனதாரப் பின்தொடருங்கள். பாடல் பிடிக்காமல் வேண்டுமென்றே தாமதித்தால் அது வேறு விஷயம். சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஒருவருக்கொருவர் போதித்துப் புத்திசொல்லச் சொல்கிறது கொலோசெயர் 3:16. உங்கள் குரல் பக்கத்தில் நிற்பவருக்கும் தேவை.